சீட்டு மாறும் கணத்தை மறைப்பது எப்படி: டாப் சேஞ்ச் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

வலது கையில் தனியாகப் பிடித்திருக்கும் ஒரு சீட்டை, இடது கையில் உள்ள கட்டின் மேற்சீட்டோடு யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுவதுதான் டாப் சேஞ்ச். விரல்களுக்கு அது ஒரு நொடிக்கும் குறைந்த வேலை. ஆனாலும் சீட்டு மஜிக்கில் மிகக் கடினமானவற்றுள் ஒன்றாக இதைச் சொல்வார்கள். கையையே உற்றுப் பார்ப்பவர் முன்னால் எவ்வளவு வேகமாகச் செய்தாலும் ஏதோ நடந்தது தெரிந்துவிடும். பார்க்கிறவரின் கவனம் வேறிடத்தில் இருக்கும்போதுதான் இது மறையும்.

பழக வருகிறவர்கள் பெரும்பாலும் விரல் வேலையைக் கண்ணாடி முன் நின்று மாதக்கணக்கில் பழகுகிறார்கள். கவனத்தைத் திருப்புவது பற்றிக் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள். இங்கே அந்த வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் மறைப்பைக் கட்டுங்கள், மாற்றம் இல்லாமலே அதை ஒத்திகை பாருங்கள், அப்புறம் மாற்றத்தை அதற்குள் வையுங்கள்.

1. தொடங்கும் முன்

சீட்டுக்கட்டு வழுக்க வேண்டும். வீட்டில் 304 என்ற சீட்டாட்டம் ஆடிப் பழசாகிப்போன கட்டை எடுக்காதீர்கள். கை வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். பெருவிரல் ஒரு சீட்டைத் தள்ளும் இடத்தில் மூன்று சேர்ந்து வரும். புதிய கடதாசிக் கட்டு ஒன்று வாங்கி, பழகாத நேரத்தில் பெட்டிக்குள் போட்டு பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் வெளியே கிடக்கும் கடதாசிச் சீட்டு ஈரம் இழுத்து வளைந்துவிடும்.

அளவையும் பாருங்கள். போக்கர் அளவுச் சீட்டு 63 மில்லிமீற்றர் அகலம், பிரிட்ஜ் அளவு 57. சிறிய கை உள்ளவர்களும் பிள்ளைகளும் பிரிட்ஜ் அளவில் தொடங்குவது நல்லது. கட்டைச் சுற்றிப் பிடிக்கவே விரல் எட்டாவிட்டால் பெருவிரலுக்குத் தள்ளும் சுதந்திரம் இருக்காது.

கண்ணாடிக்குப் பதில் கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள். கண்ணாடி முன் நின்றால் உங்கள் கையை நீங்களே பார்த்துப் பழகிவிடுவீர்கள். இந்த வேலையைக் கெடுக்க அந்த ஒரு பழக்கமே போதும். தொலைபேசியை எதிரே இருப்பவரின் கண் உயரத்தில் வைத்துவிட்டு, அதற்கு மேலே சுவரில் ஒரு இடத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

இன்னொன்றும் வேண்டும். பார்வையாளர் எடுத்த சீட்டை மேற்சீட்டாகக் கொண்டுவரும் ஒரு எளிய வழி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்திருக்க வேண்டும். திருப்பி வைத்த சீட்டுக்கு மேலே சின்னவிரலால் ஒரு சிறு இடைவெளி பிடித்துக்கொண்டு, அந்த இடைவெளிக்கு மேலுள்ளவற்றை இரண்டு வெட்டாக அடியில் மாற்றினால் அவர் சீட்டு மேலே வந்துவிடும். அது தடுமாறாமல் வந்த பிறகு இங்கே வாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கள்ள வேலைகளைப் பழகினால் இரண்டுமே அரைகுறையாக நின்றுவிடும்.

2. எந்த வித்தைக்குள் இதை வைப்பது

தனி டாப் சேஞ்ச் என்று ஒரு வித்தை கிடையாது. அது ஒரு கதைக்குள் ஒளிந்திருக்க வேண்டும். தொடக்கத்துக்கு எல்லாவற்றிலும் நல்லது ‘பிழையான சீட்டு’ வித்தை.

ஒருவர் சீட்டு எடுத்துப் பார்த்துத் திருப்பி வைக்கிறார். நீங்கள் அதை மேலே கொண்டுவருகிறீர்கள். பிறகு கட்டை உங்கள் பக்கம் விரித்துத் தேடுவதுபோல ஒரு வேறு சீட்டை உருவி, ‘இதுதானே?’ என்று காட்டுகிறீர்கள். அவர் இல்லை என்கிறார். அந்தப் பிழையான சீட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி பேசும்போது மாற்றம் நடக்கிறது. அவர் உள்ளங்கையில் அதை வைத்துப் பொத்தச் சொல்கிறீர்கள். திறந்து பார்த்தால் அவருடைய சீட்டு.

உருவும் பிழையான சீட்டு ஏழு அல்லது எட்டாக இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் சீட்டுப் பார்க்க வருகிறவர்களில் அதிகம் பேர் 304 ஆடுகிறவர்கள். அந்த ஆட்டத்தில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று போகும் கணக்கில் ஏழுக்கும் எட்டுக்கும் ஒன்றும் இல்லை. மதிப்பில்லாத சீட்டைத் தூக்கிக் காட்டியதும் யாராவது சிரிப்பார்கள், பகிடி விடுவார்கள். அந்தச் சிரிப்பு பின்னால் நமக்கு வேண்டும். அவர் எடுத்ததே ஏழு அல்லது எட்டாக இருந்தால் பத்துக்கு மாறுங்கள். நிறமும் எதிர் நிறமாக இருக்கட்டும். அவர் எடுத்தது கறுப்பு ராணி என்றால் சிவப்பு ஏழு. கடைசியில் திறக்கும்போது வித்தியாசம் தூரத்திலேயே தெரியும்.

சீட்டைத் திருப்பி வைக்கும் முன் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் காட்டச் சொல்ல மறக்க வேண்டாம். இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆறாம் படியில் ஒரு கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டாவது ஆள் ஒருவர் தேவை.

3. விரல் வேலை

இதை அளவோடு பழகுங்கள். தடுமாறாமல் வந்தால் போதும். வேகம் வேண்டாம்.

கட்டை இடது கையில், சீட்டுப் போடுவதற்குப் பிடிப்பதுபோல, பெருவிரல் மேலே கிடக்கப் பிடியுங்கள். வலது கையில் தனிச் சீட்டின் வலது ஓரம்: பெருவிரல் மேலே, சுட்டுவிரல் கீழே. நடுவிரல் ஒன்றையும் தொடாமல் சுட்டுவிரலுக்குக் கீழே சும்மா நிற்கட்டும்.

கைகள் நெருங்கும்போது இடது பெருவிரல் மேற்சீட்டைச் சுமார் இரண்டு சென்ரிமீற்றர் வலப்பக்கம் தள்ளுகிறது. வலது கைச் சீட்டு கட்டின் மேல் வந்து படிகிறது. அதே நேரத்தில், தள்ளப்பட்ட சீட்டின் ஓரம் வலது சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நுழைகிறது. இடது பெருவிரல் மேலே வந்த சீட்டை அமர்த்திப் பிடித்துக்கொள்ள, கைகள் பிரிகின்றன. வலது பெருவிரல் புதிய சீட்டின் மேல் இறங்கியதும் பிடி பழையபடி ஆகிவிடுகிறது.

இங்கே இரண்டு பிழைகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, பெருவிரல் மேற்சீட்டை முன்கூட்டியே தள்ளிவைத்துக் காத்திருப்பது. கட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சீட்டு எல்லார் கண்ணிலும் படும். கைகள் ஒன்றை ஒன்று நோக்கி நகரத் தொடங்கிய பிறகுதான் தள்ள வேண்டும்.

மற்றது சத்தம். சீட்டை இறுக்கிப் பிடித்தால் பிரியும்போது ‘சிறீக்’ என்று உராயும். பார்வையை விலக்கலாம், காதை விலக்க முடியாது. வீடியோவைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டால் வலது கையைத் தளர்த்துங்கள்.

4. கைகள் சந்திக்க ஒரு காரணம்

இந்தப் படியை யாரும் பழகுவதில்லை. ஆனால் எல்லாம் நிற்பது இதன் மேல்தான்.

ஒரு கையில் சீட்டு, மறு கையில் கட்டு. இரண்டும் காரணமில்லாமல் அருகே வந்து விலகினால், வித்தை தெரியாத சிறுபிள்ளைகூட ‘என்னவோ செய்திட்டார்’ என்று சொல்லும். கண் அசைவைத் தவறவிடலாம். காரணமில்லாத அசைவை மனம் தவறவிடாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது: கைகள் ஏன் சந்திக்கின்றன?

நான் பழக்கிக் கொடுக்கும் காரணம் உடம்பின் திரும்பல். சீட்டு எடுத்தவரை உங்கள் வலப்பக்கம் இருத்துங்கள். பக்கத்தில் சீட்டைப் பார்த்த இரண்டாமவர் இடப்பக்கம் இருக்கட்டும். வலப்பக்கத்தவரிடம் பிழையான சீட்டைக் காட்டுகிறீர்கள், அவர் இல்லை என்கிறார். இப்போது இடப்பக்கத்தவரிடம் ஏதோ கேட்க முழு உடம்போடு திரும்புகிறீர்கள். உடம்போடு சேர்ந்து வலது கையும் வருகிறது, இடது கைக்கு மேலாகக் கடக்கிறது. நிற்காமல் இடது கை கட்டோடு நீண்டு அந்த இரண்டாமவரைச் சுட்டுகிறது.

கைகள் சந்தித்தது திரும்பியதால். பிரிந்தது சுட்டியதால். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

பிரியும்போது எந்தக் கை விலகுகிறது என்பதைக் கவனியுங்கள். விலகுவது கட்டுள்ள இடது கை. வலது கை அந்த இடத்திலேயே நிற்கிறது. கண் நகர்வதைத் தொடரும். அதனால் பார்வை கட்டோடு போய்விடும். எல்லாரும் ‘அந்தச் சீட்டு’ என்று நினைக்கும் சீட்டு அசையாமல் இருந்ததாகவே அவர்கள் நினைவில் பதியும். புதியவர்கள் இதற்கு நேர்மாறாக வலது கையை வெடுக்கென்று பின்னால் இழுப்பார்கள். திருடிக்கொண்டு ஓடுவதுபோல இருக்கும்.

5. மாற்றாமலே ஒத்திகை

சீட்டை மாற்றாமல், நான்காம் படியை மட்டும் முழுதாகச் செய்து வீடியோ எடுங்கள். காட்டுவது, திரும்புவது, கடப்பது, சுட்டுவது, கேட்பது. கையில் எந்தக் களவும் இல்லை.

இப்போது வீடியோவைப் பாருங்கள். மாற்றமே இல்லாதபோதும் உங்கள் கைகள் சந்திக்கும் இடம் கண்ணை உறுத்துகிறதா? அப்படியானால் மாற்றத்தைச் சேர்த்தால் இன்னும் உறுத்தும். திரும்பும் கோணத்தைக் கூட்டுங்கள், இரண்டாமவர் இருக்கும் இடத்தை இன்னும் இடப்பக்கம் தள்ளுங்கள், கையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். உறுத்தல் போகும்வரை களவைத் தொடாதீர்கள்.

இந்தப் படிக்கு இன்னொரு பயனும் உண்டு. களவில்லாத அசைவு எப்படி இருக்கும் என்று உங்கள் உடம்பு முதலில் தெரிந்துகொள்கிறது. பிறகு மாற்றத்தோடு செய்யும் வீடியோவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேகம், தோள், தலை, மூச்சு எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதிகம் பேருக்கு மாற்றும் நேரத்தில் பேச்சு நிற்கும், அல்லது தோள் இறுகும். பார்வையாளர் விரலைக் காண மாட்டார். அந்த இறுக்கத்தைக் கண்டுவிடுவார்.

6. கவனம் தளரும் இடத்தைக் கண்டுபிடிப்பது

‘அங்க பாருங்கோ’ என்று எங்கோ காட்டுவது கவனத்தைத் திருப்புவதாகாது. அப்படிச் சொன்னதும் எதிரில் இருப்பவருக்கு முதலில் வருவது சந்தேகம். கவனம் தானாகத் தளரும் இடம் ஒவ்வொரு வித்தையிலும் உண்டு. ஒரு எதிர்பார்ப்பு முடிந்து அடுத்தது தொடங்காத அந்த இடைவெளி அது.

நம் வித்தையில் அது எங்கே? ‘இதுதானே?’ என்று காட்டும்போது எல்லார் கண்ணும் சீட்டில். ‘இல்லை’ என்று பதில் வந்ததும் சிரிப்பு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது, உங்கள் முகத்தைப் பார்ப்பது. வித்தை பிழைத்துவிட்டது என்று நினைக்கும் அந்த நேரத்தில் உங்கள் கையில் யாருக்கும் அக்கறை இல்லை. ஏழையும் எட்டையும் தெரிந்தெடுத்தது இந்தச் சிரிப்புக்காகத்தான்.

அந்த இடைவெளிக்குள் ஒரு கேள்வியை வையுங்கள். இடப்பக்கத்தவரை முறை சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்து: ‘அக்கா, நீங்களும் பாத்தனீங்கள்தானே? என்ன சீட்டு எண்டு ஞாபகம் இருக்கோ?’

இந்தக் கேள்வி மூன்று வேலை செய்கிறது. கூப்பிடப்பட்டவர் பதில் சொல்ல உங்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். மற்றவர்கள் அவர் என்ன சொல்வார் என்று அவரைப் பார்ப்பார்கள். எல்லோருமே அந்தச் சீட்டின் பெயரை மனதுக்குள் தேடுவார்கள். நினைவைத் தேடும் மனம் கண் முன்னால் நடப்பதை அரைகுறையாகத்தான் வாங்கும்.

கேள்வி உண்மையாக இருக்க வேண்டும். ‘சுகமா இருக்கிறியளோ?’ என்பதற்கு யோசிக்காமலே பதில் வரும், கண் கையிலேயே நிற்கும். உங்கள் பார்வையும் உண்மையாக அவர் கண்ணுக்குப் போக வேண்டும். நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அதைத்தான் சபையும் பார்க்கும். கேட்டுக்கொண்டே ஒரு கணம் கையை எட்டிப் பார்த்தால் அவ்வளவு கண்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள்.

7. மாற்றத்தை உள்ளே வைப்பது

இப்போது எல்லாவற்றையும் சேருங்கள். வரிசை இது: ‘இல்லை’ என்ற பதில், சிரிப்பு, உங்கள் முகம் முதலில் இடப்பக்கம் திரும்புகிறது, ‘அக்கா’ என்கிறீர்கள், அப்புறம் உடம்பு திரும்புகிறது, கைகள் கடக்கின்றன, மாற்றம், இடது கை நீள்கிறது, கேள்வி முடிகிறது.

முகம் கையை முந்த வேண்டும். கண்கள் புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கை அசையலாம். அவசரப்படுகிறவர்கள் முகத்தையும் கையையும் ஒன்றாகத் திருப்புகிறார்கள். அப்போது சபையின் கண் இன்னும் பாதி வழியில் இருக்கும்.

நிற்கவும் கூடாது. மாற்றம் நடப்பது கடக்கும் ஓட்டத்தில். கைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு தரிப்பு வந்தாலும் அது புள்ளி வைத்ததுபோலத் தெரியும். பெரிய அசைவு சிறிய அசைவை விழுங்க வேண்டுமானால் பெரியது நிற்காமல் ஓட வேண்டும். ஓட்டத்தில் விரல் தவறினால் மாற்றாமலே விட்டுவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள். பதில் வந்த பிறகு ‘அண்ணை, அக்கா சொல்லுறது சரியோ?’ என்று வலப்பக்கம் ஒருமுறை திரும்பி, மறுபடி அக்காவிடம் வரும்போது இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும். இப்படி ஒரு இரண்டாம் வாய்ப்பு இருப்பது தெரிந்தாலே கையின் பதற்றம் பாதி குறைந்துவிடும்.

8. மாற்றிய பிறகு

மாற்றம் முடிந்ததும் ஆசை வரும், உடனே திறந்து காட்ட. அடக்குங்கள். மாற்றத்துக்கும் திறப்புக்கும் இடையில் நேரம் போகப் போக, பார்த்தவர்கள் அந்தக் கடக்கும் அசைவையே மறந்துவிடுவார்கள். கொஞ்சம் பேசினால் போதும்.

அக்கா ‘இஸ்பேட் ராணி’ என்றதும் வலப்பக்கத்தவரிடம் திரும்புங்கள். ‘கையை நீட்டுங்கோ அண்ணை. இந்தாங்கோ, பொத்திப் பிடியுங்கோ.’ சீட்டை வைக்கும்போது அதைத் திருப்பவோ ஓரத்தை நிமிர்த்தவோ வேண்டாம்.

இங்கே 304 ஆடுகிறவர்களைப் பற்றி ஒன்று. முதல் நாலு சீட்டு வந்ததும் ஏலம்போலக் கேள்வி கேட்டு, துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைக்கும் ஆட்டம் அது. கவிழ்ந்து கிடக்கும் ஒற்றைச் சீட்டைக் காவல் காத்துப் பழகியவர்கள் இவர்கள். ஒரு சீட்டைப் பாயிலோ கையிலோ கவிழ்த்து வைத்த பிறகு அதை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள். வைத்த பிறகு மாற்றும் எந்த முறையும் இந்தச் சபையில் எடுபடாது, வைக்கும் முன்னரே வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் அதே காவல் உங்களுக்குச் சாட்சியாகிறது: ‘நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், சீட்டை அவர் தொடவேயில்லை’ என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்வார்.

கட்டை உடனே சட்டைப்பைக்குள் வைக்க வேண்டாம். அதன் மேலே ஏழு கிடக்கிறது. ஒருமுறை சாவகாசமாகக் கலைத்துவிட்டு மேசையில் வையுங்கள். யாராவது மேற்சீட்டைத் திறந்து பார்த்தால் அங்கே ஏழு இருக்கக் கூடாது.

9. இருக்கை, வெளிச்சம், பின்னால் நிற்பவர்கள்

விறாந்தையில் செய்யும்போது சுவரில் முதுகு இருக்கட்டும். எங்கள் வீடுகளில் சபை முன்னால் மட்டும் இருப்பதில்லை. அடுப்படியிலிருந்து வருகிறவர் பின்னால் நின்று பார்ப்பார். உங்கள் இடது தோளுக்குப் பின்னிருந்து பார்ப்பவருக்கு நீட்டிய மேற்சீட்டு முழுதாகத் தெரியும்.

பாயில் சப்பாணி கொட்டி இருந்து இதைச் செய்யாதீர்கள். இருந்தால் உடம்பு போதிய அளவு திரும்பாது. காரணம் போனால் மறைப்பும் போகும். நீங்கள் நில்லுங்கள், அவர்கள் கதிரையில் இருக்கட்டும், கைகள் இடுப்பு உயரத்தில். பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் தரையில் இருந்தால் அவர்களுக்குக் கீழிருந்து உங்கள் விரல்கள் தெரியும். கைகளை இன்னும் தாழ்த்துங்கள். தொலைபேசியைத் தரையில் வைத்து ஒருமுறை எடுத்துப் பார்த்தால் புரியும்.

வெளிச்சம் நேர் மேலே ரியூப் லைற்றாக இருந்தால் பிளாஸ்ரிக் சீட்டு திரும்பும்போது பளிச்சென்று மின்னும். கடதாசிச் சீட்டு அவ்வளவு மின்னாது.

10. பிடித்துவிட்டால், திரும்பக் கேட்டால்

யாராவது ‘மாத்திட்டீங்கள்’ என்றால் மறுத்து வாதாட வேண்டாம். எங்கே கண்டார் என்று பிறகு தனியாகக் கேளுங்கள். சீட்டைக் கண்டாரா, தரிப்பைக் கண்டாரா, உங்கள் கண்ணைக் கண்டாரா? பெரும்பாலும் சீட்டை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். திருத்த வேண்டியது நாலாம் படியா ஆறாம் படியா என்று அந்தப் பதில் சொல்லிவிடும்.

‘திரும்ப ஒருக்கால் செய்து காட்டுங்கோ’ என்றால் இதே வித்தையைச் செய்யக் கூடாது. உளவியல் ஆய்வாளர்களான குஸ்தாவ் கூனும் பெஞ்சமின் டாட்லரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மஜிக்காரர் சிகரெட்டை மறையச் செய்வதைப் பார்த்தவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். முதல்முறை பெரும்பாலானோர் அதைத் தவறவிட்டார்கள். கண் எங்கே நின்றது என்பதற்கும் கண்டுபிடித்ததற்கும் தொடர்பு இருக்கவில்லை. இரண்டாம்முறை காட்டியபோது பெரும்பாலானோர் கண்டுபிடித்துவிட்டார்கள். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த மனத்துக்குத் தளரும் இடமே கிடையாது. நாம் கட்டிய சிரிப்பும் கேள்வியும் திரும்பலும் அப்போது ஒன்றும் செய்யாது.

ஆகவே டாப் சேஞ்ச் தேவைப்படாத இன்னொரு சீட்டு வித்தையைக் கையில் வைத்திருங்கள். கேட்டதும் கட்டை எடுத்து அதைத் தொடங்குங்கள். முடிவு ஓரளவு ஒத்திருந்தால் இன்னும் நல்லது: இந்த முறை எல்லாரும் உங்கள் இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அங்கே ஒன்றும் நடக்காது.